"இருக்கிறது" என்றால் காட்டுங்கள்: நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பை அளந்து பலப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒரு மூன்றாம் மாடி. இறக்குமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பெக்கப் எடுக்கிறீர்களா?"

"இருக்கிறது, சேர். ஒவ்வொரு இரவும் பத்து மணிக்குத் தானாகவே எடுக்கும்."

திரையில் பச்சை அடையாளமும் ஒளிர்ந்தது. "நல்லது. நேற்று இரவு எடுத்ததிலிருந்து ஒரேயொரு விலைப்பட்டியலைத் திறந்து காட்டுங்கள்" என்றேன். அவர் வெளி வன்தட்டைத் திறந்தார். கோப்புறை இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பு கணக்கு மென்பொருளைப் புதிய சேர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் செய்தியை பெக்கப் மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. அது பழைய இடத்திலிருந்த வெற்றுக் கோப்புறையை இரவு தவறாமல் சிரத்தையாகப் பிரதியெடுத்து, வேலை முடிந்தது என்று பச்சை விளக்கையும் ஏற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறது. எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளி கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பை மதிப்பிடுவது, "இருக்கிறது" என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் "காட்டுங்கள்" என்று கேட்பதுதான். எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் இந்தக் கேள்விக்கு அது ஈடாகாது. இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும், பாதுகாப்புக்கென்று தனி அதிகாரி இல்லாத கொழும்பு நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய வங்கிகளுக்கு வேறு வசதிகளும் வேறு தலைவலிகளும் இருக்கின்றன.

வேலை தொடங்க முன்: கையொப்பமிட்ட ஒரு கடிதம்

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம். "நல்லெண்ணத்தில்தான் பார்த்தேன்" என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை உங்கள் ஊழியருக்கும் வரக்கூடாது, வெளியிலிருந்து வரும் பரிசோதகருக்கும் வரக்கூடாது. எனவே முதலில் ஒரு கடிதம். எந்தெந்தக் கணினிகள், எந்த நாட்கள், எந்த நேரம், என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது, ஏதாவது விழுந்துவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் யாரை அழைப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். பணிப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். உங்கள் தரவு வேறொருவரின் கிளவுட் சேவையில் இருந்தால் அவர்களுடைய பரிசோதனை விதிகளையும் வாசித்துவிடுங்கள்.

அதே கடிதத்தில் இன்னொரு பெயரும் வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பான பணிப்பாளர் யார்? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 பெப்ரவரியில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சட்டகத்தின் இரண்டாம் பதிப்பில், முன்பிருந்த ஐந்து பணிகளோடு ஆறாவதாக ஆளுகையைச் சேர்த்தார்கள். காரணம் எளிது. "கணினி விடயத்தை தம்பி பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடும் இடங்களில், அந்தத் தம்பிக்குச் செலவு செய்யவும் அதிகாரம் இல்லை, பெரியவர்களிடம் "இல்லை" என்று சொல்லவும் அதிகாரம் இல்லை.

முதற்படி: வீட்டில் என்னென்ன இருக்கின்றன?

முதலில் ஒரு வெற்றுத் தாளில், எது நின்றால் வியாபாரம் நிற்கும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு வரிகளுக்கு மேல் வராது: கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், வங்கி இணையச் சேவை, சுங்க ஆவணங்கள், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விபரம். இந்த ஆறும்தான் நீங்கள் காக்க வேண்டிய நகைகள்.

பிறகு பொருட்களை எண்ணுங்கள். கணக்காளரிடம் சொத்துப் பதிவேடு இருக்கும். அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, என்மேப் போன்ற இலவசக் கருவியால் அலுவலக வலையமைப்பை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் பதிவேட்டில் 31 கருவிகள்; வலையமைப்பில் 58 பதில் கொடுத்தன. மிச்சம் 27 எங்கிருந்து வந்தன? சிசிடிவி பதிவுப்பெட்டி, விரல்ரேகை வரவு இயந்திரம், இரண்டு பிரிண்டர்கள், கூட்ட அறைத் தொலைக்காட்சி, ஊழியர்களின் கைபேசிகள், களஞ்சிய அறையில் தூசிபடிந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய சேர்வர். அதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாததால் நான்கு வருடங்களாக நிறுத்தாமலே விட்டிருந்தார்கள். சிசிடிவி பெட்டிக்குக் கடவுச்சொல், பொருத்திக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன அதே ஆறு இலக்கங்கள்.

கருவிகளைவிடக் கணக்குகளை எண்ணுவது கடினம். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: நிறுவனத்தின் கடனட்டைக் கூற்றுகளை ஒரு வருடத்துக்கு எடுத்து, மாதாமாதம் வெளிநாட்டுக்குப் போகும் சிறு கட்டணங்களை அடிக்கோடிடுங்கள். மறந்துபோன கிளவுட் சேவைகள் எல்லாம் அங்கே வரிசையாக வந்து நிற்கும். கையோடு, இணையத்தில் உங்கள் முகவரியான டொமைன் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். இணையத்தளம் செய்து கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில் அது இருக்கும். அவர் 2022 இல் வெளிநாடு போயிருப்பார். டொமைன் கைவிட்டுப் போனால் இணையத்தளத்தோடு மின்னஞ்சலும் போகும் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் உணர்கிறார்கள்.

வட்ஸ்அப்பை மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் தேசிய அடையாள அட்டைப் படம், காசோலைப் படம், கொள்வனவுக் கட்டளை எல்லாம் விற்பனையாளரின் சொந்தக் கைபேசியில்தான் கிடக்கின்றன. அவர் விலகிப் போகும்போது அவையும் போகின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தரவுக்கு நிறுவனத்தைத்தான் பொறுப்பாளியாக்குகிறது. மீறல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமிருக்கிறது. சட்டத்தின் பகுதிகள் நடைமுறைக்கு வரும் தேதிகள் மாறிவந்திருப்பதால், உங்களுக்கு எது எப்போது பொருந்தும் என்று சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: திருடன் எந்த வழியாக வருவான்?

அபாயப் பட்டியல் என்ற பெயரில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள் நிறைந்த விரிதாளை நிரப்புவது ஒரு சடங்காகிவிட்டது. மாதிரிக் கோப்பைத் தரவிறக்கி, அதிலிருந்த பூமியதிர்ச்சி அபாயத்தைக்கூட அப்படியே வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அளவு நிறுவனத்துக்கு மூன்று கதைகளை எழுதிப் பார்ப்பது அதைவிடப் பயன்தரும்.

முதற்கதை, பணம் தவறான கணக்குக்குப் போவது. வெளிநாட்டு விநியோகஸ்தரிடமிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தத் தடவை புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வரும். எழுதும் பாணி அதே பாணி, கப்பல் இலக்கம் சரி, தொகை சரி. முகவரியில் சிறிய எல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கம் மட்டும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு கொள்கலனின் முழுப் பெறுமதியையும் இழந்தார். பிறகு தேடியபோது, அவருடைய அஞ்சல்பெட்டிக்குள்ளேயே ஏழு வாரங்களாக ஒருவன் இருந்திருக்கிறான். ஒற்றைப் புள்ளியைப் பெயராக வைத்து ஒரு விதி எழுதி, அந்த விநியோகஸ்தரிடமிருந்து வரும் உண்மையான கடிதங்களை யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கோப்புறைக்குத் திருப்பியிருக்கிறான். நீங்களும் உங்கள் கணக்காளரின் அஞ்சல்பெட்டியில் விதிகள் பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பெரிய அளவில் இதே வகைத் திருட்டின் வால் இலங்கையையும் தொட்டது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை எடுக்க முயன்றார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கையிலிருந்த ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டொலர் இடையில் தடுக்கப்பட்டது. பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று இருக்க வேண்டியது 'ஃபண்டேஷன்' என்று இருந்ததை இடையிலிருந்த வங்கி ஒன்று கவனித்து விளக்கம் கேட்டதுதான் காரணம். டாக்காவில் பரிமாற்றச் செய்திகளை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான பழுது என்று நினைத்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நாளையும் நேரத்தையும் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

இரண்டாம் கதை, கப்பம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் வழிகள் இங்கே பெரும்பாலும் இரண்டு: வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக இணையத்துக்குத் திறந்துவிட்ட, அலுவலகக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப், அல்லது இலவசமாகக் கிடைத்த கள்ள மென்பொருள். பூட்டை உடைத்துத் தரும் கருவியை இயக்குவதற்கு அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்கள், நாமும் நிறுத்துகிறோம். கள்ளச் சாவி செய்து கொடுப்பவன் தனக்கும் ஒன்று வைத்துக்கொள்ள மாட்டானா?

மூன்றாம் கதை, விலகிப் போன ஊழியர். இதற்கு விளக்கம் தேவையில்லை. கடந்த இரண்டு வருடங்களில் விலகியவர்களின் பட்டியலை மனிதவளப் பிரிவிடம் வாங்கி, உயிரோடிருக்கும் கணக்குகளின் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு கதைக்கும் கீழே இரண்டே கேள்விகள். எத்தனை நாள் நின்றால் தாங்குவோம்? எத்தனை நாள் வேலை அழிந்தால் திரும்பத் தட்டச்சுச் செய்ய முடியும்? பதிலை முதலாளியின் வாயால் சொல்ல வையுங்கள், ரூபாயில் எழுதுங்கள். "ஒரு நாள் நின்றால் இவ்வளவு" என்ற வரி, எந்த வண்ணக் கட்டத்தையும்விட வேகமாகச் செலவுக்கு ஒப்புதல் வாங்கித் தரும்.

மூன்றாம் படி: எந்த அளவுகோல்?

இங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் சான்றிதழ் கேட்டால் அதற்குப் போகத்தான் வேண்டும். நிஸ்ட் சட்டகம் நிர்வாகத்துக்கு விளக்கிச் சொல்ல உதவும். நான் தொடங்கச் சொல்வது, இணையப் பாதுகாப்பு மையம் (சிஐஎஸ்) என்ற அமைப்பு வெளியிடும் கட்டுப்பாடுகளின் எட்டாம் பதிப்பில் உள்ள முதற்குழுவை. மொத்தமுள்ள 153 பாதுகாப்பு நடவடிக்கைகளில் சிறிய நிறுவனங்களுக்கென்று 56 ஐப் பிரித்துத் தந்திருக்கிறார்கள், இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று எழுத வேண்டாம். "பார்த்தேன்", "சொன்னார்கள்", "இல்லை" என்று மூன்று விதமாக எழுதுங்கள். நடுவிலிருக்கும் "சொன்னார்கள்" எத்தனை என்று எண்ணினால் உங்கள் நிலைமை தெரிந்துவிடும்.

நிதித்துறையில் இருப்பவர்களுக்கு மத்திய வங்கியின் பணிப்புரைகளும், நிதித்துறைக்கென்றே இயங்கும் ஃபின்சிசேர்ட் அமைப்பின் அறிவுறுத்தல்களும் தனியாக உண்டு.

நான்காம் படி: "காட்டுங்கள்"

இதுதான் முழு வேலையும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வேலையைத் தினமும் செய்பவரின் பக்கத்தில் உட்காருங்கள். மேலாளரின் பக்கத்தில் உட்கார்ந்தால் விதிமுறையைச் சொல்வார். வேலை செய்பவர் நடப்பதைக் காட்டுவார்.

கணக்குகளும் கடவுச்சொற்களும்: கடவுச்சொல்லோடு இன்னொரு இலக்கத்தையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது என்றால், நிர்வாகத் திரையைத் திறந்து யார் யாருக்கு இல்லை என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். விலக்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் மேலிருப்பவர்கள்தான். திருடனுக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான். குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைவிட கைபேசிச் செயலியில் வரும் இலக்கம் நல்லது. ஆனால் குறுஞ்செய்தியாவது இருப்பது ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் கட்டாயத்தை எடுத்துவிடலாம். 2017 இலேயே நிஸ்ட் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி இலக்கத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். நீளமான கடவுச்சொல் ஒன்றும், அதைக் காத்துவைக்க ஒரு கடவுச்சொல் பெட்டக மென்பொருளும் போதும்.

புதுப்பிப்புகள்: 2017 மே மாதத்தில் உலகத்தை உலுக்கிய வன்னகிரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே ஒட்டுப் போட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், எத்தனை கணினிகள் இன்னும் அதில் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். உடனே மாற்றப் பணமில்லையென்றால் அவற்றைத் தனி வலையமைப்பில் ஒதுக்கி வையுங்கள். வங்கி வேலையை அவற்றில் செய்யாதீர்கள்.

வெளியிலிருந்து தெரிபவை: அலுவலகத்துக்கு வெளியே, உங்கள் வீட்டு இணையத்திலிருந்து, அலுவலக முகவரியை ஸ்கான் செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டொப்புக்குரிய 3389 என்ற கதவிலக்கம் திறந்திருந்தால் இந்த வழிகாட்டியை அங்கேயே மூடிவைத்துவிட்டு முதலில் அதை அடைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

மின்னஞ்சல்: உங்கள் பெயரில் வேறொருவன் மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் டொமைனில் இருக்க வேண்டும். முதலிரண்டுக்கும் என்ன போட வேண்டும் என்று மின்னஞ்சல் சேவையாளரே சொல்லித் தருவார். டிமார்க்கைத்தான் "பார்த்துக்கொண்டிரு" என்ற நிலையில் வைத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாசலில் காவல்காரரை நிறுத்தி, யாரையும் மறிக்காதே, போகிறவர்களை எண்ணு என்று சொல்வதற்குச் சமம் அது. அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்து, உங்கள் சொந்தக் கடிதங்கள் எல்லாம் சரியாகப் போகின்றன என்று தெரிந்ததும் "ஒதுக்கு" என்றும், பிறகு "நிராகரி" என்றும் இறுக்குங்கள்.

பெக்கப்: பிரின்ஸ் வீதிக் கதையைச் சொல்லிவிட்டேன். நாட்டளவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஓகஸ்ட் 26 ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, இலங்கை அரசாங்க கிளவுட் ரான்சம்வேருக்கு இலக்கானது. gov.lk என்று முடியும் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான கடிதங்கள் மீளவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. பெக்கப்பும் அதே வலையில் இணைந்திருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய கணக்கு இன்றும் சரி. அதோடு ஒரு பிரதி எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும், அல்லது யாராலும் அழிக்கமுடியாதபடி பூட்டிய கிளவுட் சேமிப்பில் இருக்க வேண்டும். சிறு நிறுவனத்துக்கு எளிய வழி, இரண்டு வெளி வன்தட்டுகளை வாரம் மாறி வாரம் பயன்படுத்துவது. ஒன்று வங்கி லொக்கரிலோ பணிப்பாளர் வீட்டு அலுமாரியிலோ இருக்கட்டும். வன்தட்டைக் குறியாக்கம் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறாதீர்கள்.

பிறகு மீட்டுப் பாருங்கள். ஒரு கோப்பை மீட்பது தொடக்கம் மட்டுமே. வெற்றுக் கணினி ஒன்றை எடுத்து, கணக்கு மென்பொருளை நிறுவி, தரவை ஏற்றி, ஒரு விலைப்பட்டியலை அச்சிடும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். நிறுவல் கோப்பு எங்கே, லைசன்ஸ் இலக்கம் எந்த மின்னஞ்சலில், தரவுத்தளக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்ற கேள்விகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எழும்பும்.

மனிதர்கள்: முப்பது பக்க ஆங்கிலக் கொள்கை ஆவணத்தில் எல்லோரும் கையொப்பமிட்டிருப்பார்கள், ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள். களஞ்சியத்தில் பொருள் எண்ணும் அண்ணருக்கு ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்தால் அவர் என்ன செய்வார்? வேலை நடக்க வேண்டுமே என்று "ஆம்" என்பதை அழுத்துவார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கம் எழுதி, தேநீர் போடும் இடத்தில் ஒட்டுங்கள். சந்தேகமான கடிதம் வந்தால் இன்ன இலக்கத்துக்கு அழையுங்கள், அழுத்திவிட்டால் உடனே சொல்லுங்கள், ஏச்சு விழாது. அந்தக் கடைசி இரண்டு சொற்களை முதலாளி நிஜமாகவே காப்பாற்ற வேண்டும். தபால் திணைக்களத்தின் பெயரில் பொதிக் கட்டணம் கேட்டு வரும் போலிக் குறுஞ்செய்தியில் ஏமாந்தவரைச் சபையில் வைத்துச் சிரித்த அலுவலகத்தில், அடுத்த ஆள் வாயே திறக்கவில்லை.

ஐந்தாம் படி: வெளியாரைக் கொண்டு உடைத்துப் பார்த்தல்

பலவீனங்களைத் தேடும் ஸ்கான் வேறு, ஊடுருவல் பரிசோதனை வேறு. முன்னையது இயந்திரம் வீட்டைச் சுற்றிவந்து எந்தெந்த ஜன்னல்களுக்குக் கொக்கி இல்லை என்று எழுதித் தருவது. பின்னையது, அனுபவமுள்ள ஒருவர் அந்த ஜன்னலில் ஒன்றின் வழியாக ஏறி, அலுமாரி வரை போய்ச் சேர முடிகிறதா என்று பார்ப்பது. இரண்டாவதற்கான விலையை வாங்கிக்கொண்டு முதலாவதின் அறிக்கைக்கு அட்டை போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு முன் பெயர்கள் நீக்கிய பழைய அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். "இப்படி நுழைந்தோம், பிறகு இங்கே போனோம்" என்ற கதை அதில் இருக்கிறதா? திருத்திய பிறகு மறுபரிசோதனை கட்டணத்தில் அடங்குமா?

முதல் நான்கு படிகளையும் முடிக்காமல் ஊடுருவல் பரிசோதனைக்குப் பணம் கொடுப்பது என் கருத்தில் வீண். கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டுப் பரிசோதகர் எதற்கு?

இருநூறு பக்க அறிக்கை வந்ததும் மலைத்துப் போகாதீர்கள். ஓட்டையின் தீவிரத்துக்குக் கொடுத்திருக்கும் பத்துக்கு ஒன்பது என்ற மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஓடவும் வேண்டாம். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு நிறுவனமான சிசா, உண்மையில் தாக்குதல்களில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலை 2021 முதல் இலவசமாக வெளியிட்டு வருகிறது. உங்கள் அறிக்கையிலிருப்பது அந்தப் பட்டியலிலும் இருந்து, இணையத்திலிருந்து எட்டக்கூடியதாகவும் இருந்தால் அது இன்றைய வேலை. உள்ளே பூட்டிய அறையிலுள்ள பிரிண்டரின் ஓட்டை அடுத்த மாதம் பார்க்கலாம்.

ஆறாம் படி: எதை முதலில் திருத்துவது?

முதல் வாரத்தில் ஒரு சதமும் செலவில்லாதவற்றைச் செய்யுங்கள். விலகியவர்களின் கணக்குகளை மூடுவது, இணையத்துக்குத் திறந்த ரிமோட் டெஸ்க்டொப்பை அடைப்பது, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு, சிசிடிவிக்கும் ரவுட்டருக்கும் புதிய கடவுச்சொல், டொமைனை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றக் கடிதம்.

அதே வாரத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு விதி: வங்கிக் கணக்கு மாற்றம் கேட்டு எந்த வழியில் செய்தி வந்தாலும், முன்பிருந்தே கோப்பில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, தெரிந்த குரலிடம் உறுதிப்படுத்தாமல் பணம் போகாது. வந்த மின்னஞ்சலிலேயே இருக்கும் இலக்கத்துக்கு அழைத்தால் திருடனே எடுத்து "ஆமாம், சரி" என்பான். "அவசரம், நான் கூட்டத்தில் இருக்கிறேன், உடனே அனுப்புங்கள்" என்று முதலாளியே எழுதினாலும் இந்த விதி பொருந்தும். அதற்கு முதலாளி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இல்லாவிட்டால் கணக்காளர் எந்தத் துணிச்சலில் மறுப்பார்?

முதல் மாதத்தில் பெக்கப்பை ஒழுங்காக்குங்கள், ஊழியர்களின் கணினிகளிலிருந்து நிர்வாக உரிமையை எடுங்கள். இரண்டாவதற்கு முணுமுணுப்பு வரும். பிரிண்டர் பொருத்தக்கூட அழைக்க வேண்டியிருக்கிறதே என்பார்கள். அழைக்கட்டும். வலையமைப்பை மூன்றாகப் பிரியுங்கள்: அலுவலகக் கணினிகள் ஒன்று, சிசிடிவி போன்ற பொருட்கள் ஒன்று, விருந்தினரும் கைபேசிகளும் ஒன்று.

மூன்று மாதத்துக்குள் கள்ள மென்பொருட்களை அகற்றுங்கள். இங்கேதான் பணம் போகும், முதலாளியின் முகம் சுருங்கும். எல்லோருக்கும் விலையுயர்ந்த தொகுப்பு வேண்டியதில்லை. களஞ்சியத்தில் பட்டியல் பார்ப்பவருக்கு இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும்.

கணினிகள் தாமாகவே எழுதும் நுழைவுப் பதிவேடுகளையும் இந்தக் காலத்தில் இயக்கிவிடுங்கள். யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் என்ற பதிவு இல்லாவிட்டால், சம்பவத்துக்குப் பிறகு வரும் நிபுணரும் கையைத்தான் விரிப்பார். இந்தப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் வசூ என்ற திறந்தமூல மென்பொருளால் செலவில்லாமல் தொடங்கலாம். அதைத் தினமும் பார்க்க ஓர் ஆள் இருந்தால் மட்டும்.

ஏழாம் படி: விழுந்தால் எழும்பும் ஒத்திகை

ஒரு தாள். அச்சிட்டது. கணினியில் இருந்தால் கணினி பூட்டப்படும் நாளில் வாசிக்க முடியாது. அதில் பொறுப்பான பணிப்பாளர், கணினி ஆள், வங்கியின் மோசடிப் பிரிவு, கணினிச் சம்பவங்களில் உதவுவதற்கென 2006 இல் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனம், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு, சட்டத்தரணி ஆகியோரின் தொடர்புகள். மக்களின் தரவு கசிந்திருந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டுமா என்று சட்டத்தரணி சொல்வார். பணம் தவறாகப் போயிருந்தால் வங்கிக்கான அழைப்பு எல்லாவற்றுக்கும் முன்; மணித்தியாலங்கள் கணக்கில் வரும் விடயம் அது.

தாளின் நடுவில் பெரிய எழுத்தில்: வலையமைப்பு வயரைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து, கணினியை அணைக்காதே. அணைத்தால் நினைவகத்திலிருக்கும் தடயம் போய்விடும்.

ஒத்திகையை, பௌர்ணமி நாளில் வரும் போயா விடுமுறைக்கு முந்திய நாள் பிற்பகல் வையுங்கள். எல்லோரும் ஊருக்குப் போக பஸ் டிக்கெட்டோடு இருக்கும் நேரம்தான் திருடனுக்குப் பிடித்த நேரமும். "கணக்குத் திரையில் சிவப்பு எழுத்து வந்திருக்கிறது" என்று ஒருவர் சொல்லட்டும்; மற்றவர்கள் அடுத்த ஒரு மணித்தியாலம் என்ன செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே போகட்டும். கப்பம் கொடுப்பதா என்ற வாக்குவாதத்தையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கொடுத்தவர்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்ததென்று உத்தரவாதமில்லை; கொடுத்தவர் என்று தெரிந்தால் மறுபடியும் வருவார்கள். சம்பவ நாளில், வியர்த்துக்கொண்டு, அந்த முடிவை எடுக்கக்கூடாது.

எட்டாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

நான்கு எண்கள் போதும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகள் எத்தனை, ஆதரவு முடிந்த கணினிகள் எத்தனை, விலகியவரின் கணக்கை மூட எத்தனை நாள் எடுத்தது, கடைசி மீட்பு ஒத்திகைக்கு எத்தனை மணித்தியாலம் சென்றது. பணிப்பாளர் கூட்டத்தில் விற்பனைக் கணக்குக்கு அடுத்தபடியாக அவை வரட்டும். புதிய மென்பொருள் வாங்கினாலோ சேர்வரை இடம் மாற்றினாலோ மூன்று மாதம் காத்திராமல் அந்த வாரமே பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து பிரின்ஸ் வீதி மாடிக்கு மறுபடி ஏறினேன். மின்தூக்கி அன்றும் வேலை செய்யவில்லை. தம்பி ஒரு பழைய மடிக்கணினியை மேசையில் வைத்து, லொக்கரிலிருந்து கொண்டுவந்த வன்தட்டைச் செருகினார். காலை 9.20. இடையில் தரவுத்தளக் கடவுச்சொல் பொருந்தாமல் முக்கால் மணித்தியாலம் போனது. பழைய கணக்காளரைக் கனடாவில் நித்திரையிலிருந்து எழுப்ப வேண்டியதாயிற்று. சரியாக ஒரு மணிக்கு பிரிண்டரிலிருந்து முந்திய நாள் விலைப்பட்டியல் ஒன்று வெளியே வந்தது. அவர் அதை என்னிடம் நீட்டாமல் நேரே முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வன்தட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் அன்றைய தேதியையும், அதற்குக் கீழே "3 மணி 40 நிமிடம்" என்றும் எழுதினார்.